ரஷ்யாவுக்குப் பயந்துதான் உரிமை கொடுத்தார்களா?

போன ஞாயிறு வியாசர்பாடி படிப்பகத்தில் மார்ட்டின் லூதர் கிங் பற்றிய பேச்சு முடிந்ததும் சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் இரண்டு கேள்விகளைப் போட்டார். "சார், அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குச் சம உரிமைச் சட்டங்கள் வந்ததே ரஷ்யாவோடு இருந்த போட்டியால்தான் என்று படித்தேன். அப்படியென்றால் அத்தனை பேர் அடிபட்டுச் சிறைக்குப் போனதெல்லாம் சும்மாவா?" இது முதல் கேள்வி. "நம் நாட்டுக்கும் அப்படி ஒரு வெளி நெருக்கடி வந்தால் சாதி விஷயத்தில் அரசு அசைந்து கொடுக்குமா?" இது இரண்டாவது. நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தம்பி, போட்டி உதவியது உண்மைதான். சுதந்திரத்துக்கே தான்தான் காவல் என்று உலகத்திடம் சொல்லிக்கொண்ட ஒரு அரசு, தன் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பஸ்ஸில் பின் சீட் என்று வைத்திருந்தது. சோவியத் வானொலி அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியது. வாஷிங்டனுக்கு வெட்கம் வந்தது. ஆனால் வெட்கம் நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் வேலை செய்யும். அந்த நாலு பேரைப் பார்க்க வைத்தவர்கள் தெருவில் இறங்கியவர்கள். பார்வை படாத இடங்களில் பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அலபாமாவில் ஜிம்மி வில்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி ஒரு வெள்ளைக்கார மூதாட்டியிடம் 1 டாலர் 95 சென்ட் கொள்ளையடித்தார் என்று 1957-ல் தீர்ப்பு வந்தது. தண்டனை: மின்சார நாற்காலி. இரண்டு டாலர்கூட இல்லாத பணத்துக்கு ஒரு உயிர். மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்ததும் கவர்னர் ஜிம் ஃபோல்சமுக்குக் கடிதங்கள் குவிந்தன, ஒரு நாளைக்கு ஆயிரம்கூட வந்தது என்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸே அந்தக் கவர்னரைத் தொடர்புகொண்டு, இந்த வழக்கு உலக நாடுகளிடம் நம் பெயரைக் கெடுக்கிறது என்று தெரிவித்தார். யோசித்துப் பாருங்கள், ஒரு மாநிலத்தின் திருட்டு வழக்கில் வெளியுறவு அமைச்சருக்கு என்ன வேலை? 1958-ல் கவர்னர் தண்டனையைக் குறைத்தார். ஆனால் விடுதலை கிடைக்கவில்லை, ஆயுள் தண்டனைதான். உயிரைக் காப்பாற்றும் அளவுக்கு இருந்த வெட்கம் நியாயம் வழங்கும் அளவுக்கு இல்லை. கடிதங்கள் நின்றன, ஜிம்மி வில்சன் சிறையிலேயே இருந்தார்.

போட்டி என்றால் சோவியத்தோடு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம், அது ஹிட்லர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1941-ல் அமெரிக்கா இன்னும் போரில் இறங்கவில்லை, ஆனால் ஆயுதத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் கறுப்பினத்தவருக்கு வேலை இல்லை, கிடைத்தாலும் கூட்டிப் பெருக்குகிற வேலைதான். அப்போது ஏ. பிலிப் ராண்டால்ஃப் ஒரு அறிவிப்பு விட்டார். பெரம்பூர் ரயில்வே குடியிருப்புக்காரர்களுக்கு இவரைச் சொன்னால் சட்டென்று பிடித்துப்போகும்: ரயிலில் தூங்கும் வசதிப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்களின் சங்கத் தலைவர். ஜூலை 1 அன்று ஒரு லட்சம் பேரை வாஷிங்டனுக்குக் கூட்டி வருவேன் என்றார். நாஜிகளின் இனவெறியைக் கண்டித்துக்கொண்டிருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குத் தலைநகரில் அப்படி ஒரு காட்சி நடந்தால் எப்படி இருக்கும்? ஜூன் 25 அன்று, அதாவது ஊர்வலத்துக்கு ஒரு வாரம்கூட இல்லாதபோது, போர்த் தளவாட வேலைகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று ஆணை 8802-ல் கையெழுத்துப் போட்டார். உலக நெருக்கடி அதற்கு முன்பும் இருந்தது. ஆனால் அதைப் பிடித்து இழுக்க ஒரு சங்கம் வேண்டியிருந்தது. உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

போர் முடிந்ததும் எதிராளி மாறினான், ஹிட்லர் இருந்த இடத்துக்கு சோவியத் வந்தது. 1946 பிப்ரவரியில் ராணுவச் சீருடையோடு ஊருக்குத் திரும்பிய ஐசக் வுட்டார்டை தென் கரோலினாவில் போலீஸ் அடித்ததில் இரண்டு கண்ணும் போயின. இது அதிபர் ட்ரூமனை உண்மையாகவே உலுக்கியது என்றுதான் நினைக்கிறேன், எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று சொல்ல மாட்டேன். அதே ஆண்டு கடைசியில் அவர் அமைத்த குழு 1947-ல் கொடுத்த அறிக்கை, பாகுபாட்டை ஒழிக்க மூன்று காரணங்களைச் சொன்னது: அறம், பொருளாதாரம், உலக உறவு. 1948 ஜூலையில் ராணுவத்தில் நிறப் பிரிவினையை முடிக்கும் ஆணை வந்தது.

பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17 அன்று வந்த பிரவுன் தீர்ப்பைச் சட்டம் படிக்கிற நீங்கள் அறிவீர்கள். அந்த வழக்கில் 1952 டிசம்பரில் மத்திய அரசின் நீதித்துறை தாக்கல் செய்த மனுவையும் தேடிப் படியுங்கள். வழக்கில் அரசு ஒரு தரப்பே இல்லை. ஆனாலும் வந்து, நிறப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரசாரத்துக்குத் தீனி போடுகிறது என்று நீதிமன்றத்திடம் எழுதிக் கொடுத்தது. தீர்ப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி அதை 34 மொழிகளில் உலகத்துக்குச் சொல்லிவிட்டது. உலகத்துக்குச் சொல்ல ஒரு மணி நேரம். பள்ளிகளில் நடைமுறைப்படுத்த? அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பு காலக்கெடு எதையும் வைக்கவில்லை, தென் மாநிலங்கள் பல ஆண்டுகள் இழுத்தடித்தன.

1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் ஊரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்குள் விடாமல் கவர்னர் ஃபாபஸ் மாநிலக் காவல் படையை நிறுத்தியபோது, அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியதாயிற்று. அன்று இரவு தொலைக்காட்சியில் பேசியபோது, எதிரிகள் இதைப் பார்த்து மகிழ்கிறார்கள் என்பதையும் வெளிப்படையாகவே சொன்னார். பத்து நாளில் சோவியத்தின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் மேலே போய்விட்டது. சோவியத் நாட்டுக்குப் போக இருந்த லூயி ஆம்ஸ்ட்ராங், என் மக்களை இப்படி நடத்தும் அரசுக்காக நான் டிரம்பெட் வாசிக்கப் போக மாட்டேன் என்று பயணத்தையே ரத்து செய்தார். வெளிநாட்டில் நல்ல பெயர் வாங்கித் தருவதற்காகக் கறுப்பின இசைக் கலைஞர்களை அரசு ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நல்ல பெயருக்கு விலை உண்டு என்று அவர் காட்டினார்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ரூட் 40 நெடுஞ்சாலைக் கதை. நியூயார்க்கில் ஐ.நா. சபை, வாஷிங்டனில் தூதரகங்கள், நடுவே மேரிலாண்ட் வழியாகப் போகும் சாலை. 1960-ல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. ஒவ்வொரு நாட்டின் ஓட்டும் ஐ.நா.வில் அமெரிக்காவுக்கும் வேண்டும், சோவியத்துக்கும் வேண்டும். ஆனால் அந்த நாடுகளின் தூதர்கள் வழியில் ஒரு காபிக்கு இறங்கினால் ‘உனக்குக் கிடையாது’ என்று அனுப்பிவிடுவார்கள். 1961-ல் சாட் நாட்டுத் தூதருக்கு அப்படித்தான் நடந்தது. பார்த்தால் சாதாரணக் கறுப்பர் மாதிரிதான் இருந்தார், தூதர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார் அந்த உணவகக்காரப் பெண். நிறவெறி தன்னைப் பற்றித் தானே இதைவிடத் தெளிவாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அதிபர் கென்னடியோ முதலில், இந்தத் தூதர்களை விமானத்தில் போகச் சொல்லக் கூடாதா என்று அதிகாரிகளிடம் கேட்டாராம். அப்புறம் வெளியுறவுத் துறை ஆட்களை அனுப்பி, உணவகம் உணவகமாகக் கெஞ்ச வைத்தார்கள். கெஞ்சியது என்னவென்றால், வெளிநாட்டுத் தூதர்களுக்காவது கதவைத் திறந்துவிடுங்கள் என்பதுதான். சம்பந்தி வீட்டார் வரும் வழிக்கு மட்டும் வெள்ளையடிக்கிற கதை.

பால்டிமோர் நகரின் ‘ஆஃப்ரோ-அமெரிக்கன்’ பத்திரிகைக்காரர்கள் இதை வைத்து ஒரு வேலை செய்தார்கள். மூன்று நிருபர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர்கள், ஆப்பிரிக்க உடை, தலைப்பாகை சகிதம் காரில் ஏறி, உலகத்திலேயே இல்லாத ‘கோபன்’ என்ற நாட்டின் பிரதிநிதிகளாக ரூட் 40 உணவகங்களுக்குள் போனார்கள். ஒன்றிரண்டு இடங்களில் முகம் சுளித்தாலும் மற்ற இடங்களில் மரியாதையாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார்கள். உடையைக் கழற்றிவிட்டுப் போயிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள். இதை அப்படியே அச்சில் போட்டார்கள். சொந்த நாட்டில் உட்கார்ந்து சாப்பிட வெளிநாட்டுக்காரனாக வேஷம் போட வேண்டியிருக்கிறது என்று ஊரே சிரித்தது. கோர் என்ற சம உரிமைப் போராட்ட அமைப்பு அந்தச் சாலை நெடுக மறியல் நடத்தப்போவதாக அறிவித்ததும் பல உணவகங்கள் கதவைத் திறந்தன. 1963-ல் மேரிலாண்ட் சட்டமே போட்டது, அதிலும் பல மாவட்டங்களுக்கு விலக்கு. தூதர்களுக்காகத் திறந்த கதவை எல்லோருக்குமாக ஆக்கியது அந்த நிருபர்களும் மறியல்காரர்களும்தான்.

பர்மிங்காம் உங்களுக்குத் தெரியும்: 1963 மே, பள்ளிப் பிள்ளைகளின் ஊர்வலத்தின் மேல் போலீஸ் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் பாய்ந்தன. அதே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடியிருந்தார்கள். அங்கிருந்தே உகாண்டா பிரதமர் மில்டன் ஓபோடே கென்னடிக்குப் பகிரங்கக் கண்டனக் கடிதம் எழுதினார். ஜூன் 11 அன்று கென்னடி சம உரிமைச் சட்டம் கொண்டுவருவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். பர்மிங்காமில் குழந்தைகள் நடக்காமல் இருந்திருந்தால் அடிஸ் அபாபாவிலிருந்து கடிதம் வந்திருக்குமா? 1964-ல் சம உரிமைச் சட்டம், 1965-ல் வாக்குரிமைச் சட்டம்.

இதுவரை போட்டி கொடுத்ததைச் சொன்னேன். அது பறித்துக்கொண்டதைப் பற்றித்தான் பலர் பேசுவதில்லை. கூலி கேட்டவனைச் ‘சிவப்பு’ என்று முத்திரை குத்தி வெளியே தள்ளுவது நம் பக்கத்து மில் வாசல்களுக்குப் பழகிய விஷயம் என்பதால் இது உங்களுக்குச் சீக்கிரம் புரியும்.

பால் ரோப்சன் என்ற பாடகர் அமெரிக்காவின் நிறவெறியை ஊர் ஊராகப் போய்ச் சொன்னார், சோவியத்தையும் புகழ்ந்தார். 1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். 1952-ல் கனடாக்காரர்கள் கேட்பதற்காக, எல்லைக்கோட்டின் அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று பாடினார், ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்டார்கள். பாஸ்போர்ட் திரும்பக் கிடைக்க 1958 ஆனது. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் கதை இன்னும் மோசம். 1947-ல் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் சார்பில் அமெரிக்க நிறவெறியை ஐ.நா.விடம் முறையிட்டு மனு தயாரித்தவர் அவர். சோவியத் தரப்பு அதைக் கையில் எடுக்கப் பார்த்தது. எலினார் ரூஸ்வெல்ட், மனித உரிமைப் பிரகடனம் எழுதிக்கொண்டிருந்த அதே அம்மையார், அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். இப்படியானால் விலகிவிடுவேன் என்றார். அடுத்த ஆண்டு டு பாய்ஸ் அமைப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1951-ல் அந்நிய ஏஜென்ட் என்று வழக்கு. வழக்கு நிற்கவில்லை, ஆனாலும் பாஸ்போர்ட் பல ஆண்டுகள் கிடைக்கவில்லை. கடைசியில் கானாவுக்கே போய் 1963 ஆகஸ்ட் 27 அன்று இறந்தார். மறுநாள்தான் கிங்கின் புகழ்பெற்ற வாஷிங்டன் பேரணி.

1949, 50-ல் சி.ஐ.ஓ. தொழிற்சங்கக் கூட்டமைப்பு இடதுசாரிச் சங்கங்கள் பதினொன்றை வெளியேற்றியது. தென் மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளர்களை உண்மையாகச் சேர்த்தவை பெரும்பாலும் அந்தச் சங்கங்கள்தான். விளைவு? கோரிக்கைகளின் பட்டியல் சுருங்கியது. ஒரே பஸ், ஒரே பள்ளி, ஓட்டு என்று கேட்கலாம், அவை அமெரிக்க ஜனநாயகத்துக்குப் பெருமை சேர்க்கும். கூலி, வீட்டு வாடகை, நிலம் என்று கேட்டால் மாஸ்கோ ஆள் ஆகிவிடுவாய். போட்டி கதவைத் திறந்தது, ஆனால் யார் நுழையலாம், எதைப் பேசலாம் என்று வாசலில் ஆள் நிறுத்தியும் வைத்தது.

கிங்கையும் விடவில்லை. ஆலோசகருக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு என்று காரணம் காட்டி 1963-ல் அவருடைய டெலிபோனை ஒட்டுக் கேட்க அதிபரின் தம்பியும் சட்டத் துறைத் தலைவருமான ராபர்ட் கென்னடியே அனுமதி கொடுத்தார். 1966-ல் சிகாகோவில் வீட்டு வசதிப் பாகுபாட்டுக்கு எதிராக ஊர்வலம் போனபோது கல்லடி பட்டார், அதற்காக எந்த நாட்டுத் தலைவரும் கடிதம் எழுதியதாக நான் படித்ததில்லை. சட்டங்கள் வந்தாகிவிட்டன, உலகம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1967 ஏப்ரல் 4 அன்று வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதும், அதுவரை பாராட்டிய பத்திரிகைகளே அவரைக் கண்டித்தன. சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

குத்துச்சண்டைக்குப் பேர்போன நம் வடசென்னைக்கு முகமது அலியைச் சொல்லாமல் விட முடியாது. அவரும் 1967-ல்தான் ராணுவத்தில் சேர மறுத்து, பட்டத்தை இழந்தார். 1980-ல் சென்னைக்கு வந்து, மூர் மார்க்கெட் பக்கத்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அந்த இந்தியப் பயணத்தின்போதுதான், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேசப் போங்கள் என்று கார்ட்டர் அரசு அவரைக் கேட்டுக்கொண்டது. போனார். தான்சானியாவில் அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்துவிட்டார். தென்னாப்பிரிக்க விவகாரத்துக்காக நாங்கள் 1976 ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போனது என்று நிருபர்கள் கேட்க, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று அலி திணறினார். ஒரு காலத்தில் அவரைத் தண்டித்த அரசு, அவருடைய தோல் நிறத்தையே தூதுக்குப் பயன்படுத்தப் பார்த்தது.

இனி இரண்டாவது கேள்வி. 1946-ல் அமெரிக்கக் கறுப்பின அமைப்பு ஒன்று ஐ.நா.வுக்கு மனு போட்டது என்ற செய்தியைப் படித்துவிட்டு, அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டப்படாத மக்களும் அதேபோல் ஐ.நா.வுக்குப் போவதை யோசிக்கிறார்கள், அந்த மனுவின் பிரதிகள் கிடைக்குமா என்று கேட்டார். டு பாய்ஸ் பதிலும் போட்டார். ஆக, நீங்கள் இப்போது கேட்பதை அம்பேத்கர் அப்போதே யோசித்திருக்கிறார்.

ஏன் அது நடக்கவில்லை? என் கணிப்பைச் சொல்கிறேன். அதே 1946-ல் இந்தியா ஐ.நா.வில் குற்றம் சாட்டுகிற இடத்தில் நின்றது. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை நடத்தும் விதத்தை எதிர்த்து விஜயலட்சுமி பண்டிட் வாதாடி வென்றார். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. நிறவெறியை எதிர்க்கும் நாடு என்ற பெயரும், தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டமும் சேர்ந்து நமக்கு ஒரு கவசமாகிவிட்டன. பனிப்போரில் இரண்டு தரப்புக்கும் இந்தியாவின் தயவு வேண்டியிருந்தது, சாதியைப் பேசி நம்மைச் சங்கடப்படுத்த யாருக்கும் அவசரம் இல்லை. அமெரிக்காவுக்கு இருந்த மாதிரி விடாமல் குத்திக்காட்டும் எதிராளி நமக்கு வாய்க்கவில்லை.

வந்திருந்தாலும் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1921-ல் நம் வடசென்னை பி அண்ட் சி துணி மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். ஒத்துழையாமை இயக்கம் சூடாக இருந்த நேரம், காங்கிரஸ்காரர்கள் வேலைநிறுத்தத்தின் பக்கம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், அவர்களைக் காப்பது தன் பொறுப்பு என்றது பிரிட்டிஷ் அரசு. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. பெரிய இடத்துப் போட்டியில் ஒரு பக்கம் அவர்களைக் கேடயமாக்கியது, இன்னொரு பக்கம் துரோகி என்றது. அவர்களுடைய சொந்தக் கணக்கு என்ன, வேலை போனால் அந்தக் குடும்பங்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்டவர்கள் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா மாதிரி சிலர்தான்.

அதனால் என் பதில்: வெளி நெருக்கடி வந்தால் அரசு அசையும், வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும். 2001-ல் டர்பனில் நிறவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியைச் சேர்க்கச் சொல்லி தலித் அமைப்புகள் கடுமையாக முயன்றன, இந்திய அரசு அதைவிடக் கடுமையாகத் தடுத்தது, இறுதி அறிக்கையில் சாதி இடம்பெறவில்லை. 2006 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங், தீண்டாமைக்கு ஒப்பாகச் சொல்லக்கூடியது தென்னாப்பிரிக்க நிறவெறி ஒன்றுதான் என்று பேசினார். இரண்டு மாதம் கழித்து ஜெனீவாவில், இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவின் முன் உட்கார்ந்த இந்தியப் பிரதிநிதிகள், சாதி வேறு, இனம் வேறு, இந்த ஒப்பந்தம் சாதிக்குப் பொருந்தாது என்று வாதாடிவிட்டு வந்தார்கள்.